பிளக், காயில், ஒயர் மாற்றினால் ஏற்காடு ஏற்றத்தில் வண்டி கூடுதலாக இழுக்குமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறீர்கள், வண்டி 2011 மாடல், 1.1 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் கார், 92 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நாலு பேரும் ஏசியுமாக ஏற்காடு ஏறினால், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேல் மூன்றாவது கியரில் அழுத்தி மிதிக்கும்போது வெட்டி வெட்டித் திணறுகிறது. உதிரிபாகக் கடையில் இரிடியம் பிளக், 'பர்ஃபாமன்ஸ்' காயில், 8 மி.மீ. சிலிக்கான் ஒயர் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் சொல்கிறார்கள். பவர் பத்து சதவீதம் கூடும் என்கிறார்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நல்லபடி ஓடும் இன்ஜினில் இந்தச் சாமான்கள் பவரைக் கூட்டுமா என்பது ஒன்று. உங்கள் வண்டி திணறுவதற்குக் காரணம் இக்னீஷன், அதாவது பொறி கொடுக்கும் அமைப்புதானா என்பது இன்னொன்று. கடைக்காரர் முதல் கேள்விக்குச் சாமான் விற்கிறார். உங்களுக்கு விடை வேண்டியது இரண்டாவதற்கு.

முதல் கேள்விக்குத் தயங்காமல் சொல்லலாம்: பவரைக் கூட்டாது. பவர் வருவது எரியும் பெட்ரோலிலிருந்தும் அதற்குக் கிடைக்கும் காற்றிலிருந்தும். பிளக்கின் வேலை பொறி விட்டுப் பற்ற வைப்பது மட்டும்; அதற்கு உயர் வோல்ட்டேஜ் தருவது காயில், அதைக் கொண்டுபோவது ஒயர். அடுப்பைத் தீக்குச்சியால் பற்ற வைத்தாலும் தீப்பந்தத்தால் பற்ற வைத்தாலும் சோறு ஒரே நேரத்தில்தான் வேகும். சரியான கலவையில் உள்ள பெட்ரோல் காற்றைப் பற்ற வைக்க, ஆய்வக நிலையில், ஒரு மில்லிஜூலில் கால் பங்கு போதும். இன்ஜினுக்குள் காற்று சுழன்றடிக்கிறது, கலவை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை; அதனால் நிறையவே கூடுதலாக வேண்டும். அதற்காகத்தான் கம்பெனி காயிலே 30 மில்லிஜூலுக்கு மேல் கொடுக்கிற மாதிரி செய்கிறார்கள். தீ பிடித்தபின் அது சிலிண்டர் முழுக்கப் பரவும் வேகத்தைத் தீர்மானிப்பது காற்றின் சுழற்சியும் அழுத்தமும் கலவையும்.

'60,000 வோல்ட் காயில்' என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். காயிலின் வோல்ட்டேஜ் பிளக் இடைவெளியைத் தாண்டும் வரைதான் ஏறும். 12 ஆயிரம் வோல்ட்டில் பொறி தாவிவிட்டால் அங்கேயே நின்றுவிடும். மீதி 48 ஆயிரம் பெட்டியில் மட்டும்தான் இருக்கும். உங்கள் வண்டியில் காயிலுக்கு எத்தனை மில்லிசெகண்ட் மின்சாரம் விட வேண்டும் என்பதை இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ முடிவு செய்கிறது. அதற்குத் தெரியாமல் ரெசிஸ்டன்ஸ் குறைந்த காயிலைப் போட்டால் அதிகக் கரண்ட் இழுக்கும். சூடாகிச் சாவது ஈசியூவுக்குள் இருந்து காயிலை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர். 18 ஆயிரம் ரூபாய் செலவு அப்புறம் சின்னத் தொகையாகத் தெரியும். 8 மி.மீ. ஒயரும் அப்படித்தான். 7 மி.மீ.க்கும் 8 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம் மேலே உள்ள ரப்பரின் தடிமன். கசியாமல் இருக்கும் வரை இரண்டும் ஒன்றே.

'இக்னீஷன் மாற்றினேன், வண்டி பறக்கிறது' என்று சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கழற்றிப் போட்டது 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த பிளக். இழந்திருந்த பவர் திரும்பி வந்திருக்கிறது. நூறு ரூபாய் சாதா பிளக் போட்டிருந்தாலும் அதே அளவு வந்திருக்கும்.

விதிவிலக்குகள் உண்டு. காயிலுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட், கூடவே கண்டன்சர் வைத்த பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஆரம்பகால மாருதி 800 போன்ற வண்டிகளில் எலக்ட்ரானிக் இக்னீஷனுக்கு மாறினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியும். நாலு சிலிண்டர் இன்ஜின் 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5000 சுற்று) ஓடும்போது ஒரு நிமிடத்துக்குப் பத்தாயிரம் பொறி வேண்டும். அதாவது ஒவ்வொன்றுக்கும் 6 மில்லிசெகண்ட். அதில் பாயிண்ட் மூடியிருக்கும் பாதிச் சொச்ச நேரத்தில்தான் காயில் நிரம்ப வேண்டும். போதாமல் போகும்போது பொறி மெலிகிறது. தவிர, பாயிண்டில் உள்ள ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறைந்து, பொறி விழும் நேரமான டைமிங் பின்னால் போய்விடும். அந்த வண்டிக்காரர்கள் இழுவை இல்லை என்று புலம்புவதில் பாதி இதுதான். டர்போ வண்டியில் ஈசியூ அமைப்பை மாற்றி (ரீமேப்) டர்போ தள்ளும் காற்றழுத்தத்தைக் கூட்டியவர்களுக்கும், சிஎன்ஜி, எல்பிஜி மாட்டியவர்களுக்கும் பொறி தாவுவது கடினம். அங்கே இடைவெளியைக் கொஞ்சம் குறைப்பதும் நல்ல காயில் வைப்பதும் அர்த்தமுள்ள வேலை. உங்களுடையது இதில் எதுவும் இல்லை.

இனி உங்கள் திணறலுக்கு வருவோம். வண்டியைப் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன விவரத்திலேயே துப்பு இருக்கிறது. சமதளத்தில் ஐந்து ரோட்டிலிருந்து கோரிமேடு வரை ஒழுங்காக ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் வெட்டுவது ஏன்? பிளக் இடைவெளியில் பொறி தாவத் தேவைப்படும் வோல்ட்டேஜ், அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. பாதி மிதியில் சமதளத்தில் போகும்போது பத்து ஆயிரம் வோல்ட் அளவில் முடிந்துவிடும் வேலை, ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது முழு மிதி மிதித்தால் இருபது ஆயிரத்தைத் தாண்டலாம். சாதா நிக்கல் பிளக் ஆயிரம் கிலோமீட்டருக்கு நூறில் ஒரு மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் தேயும். 30 ஆயிரம் ஓடியபின் 0.9 ஆக இருந்த இடைவெளி 1.2, 1.3 ஆகியிருக்கும், தேவைப்படும் வோல்ட்டேஜ் இன்னும் ஏறும். அப்போது மின்சாரம் சுலபமான வேறு வழி தேடும்: ஒயரில் உள்ள வெடிப்பு, பிளக் பீங்கானின் வெளிப்பக்கம், ஒயர் முனையில் பிளக்கை மூடும் உறையான பூட் ரப்பரில் உள்ள ஓட்டை. பொறி வெளியே தாவினால் அந்தச் சிலிண்டர் அந்த முறை எரியாது. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பது இதைத்தான்.

உயரம் இங்கே ஒரு வேடிக்கை செய்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால் சிலிண்டருக்குள் அழுத்தம் குறையும், பொறிக்குத் தேவைப்படும் வோல்ட்டேஜும் குறையும். அதே மெல்லிய காற்று வெளியே ஒயரைச் சுற்றியும் இருப்பதால், கசிவதும் சுலபமாகிவிடும். ஏறக்குறைய ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எனவே மேலே போகப் போக மிஸ்ஸிங் கூடுகிறது என்றால் உயரத்தைக் குறை சொல்லாமல் சூட்டையும் ஈரத்தையும் சந்தேகப்படுங்கள். அடிவாரத்திலிருந்து இருபது நிமிடம் முக்கி ஏறியபின் காயில் நன்றாகச் சூடேறியிருக்கும். உள்ளே மயிரிழை வெடிப்பு இருந்தால் அப்போதுதான் திறக்கும். பனிமூட்டத்தில் மட்டும் வருகிறது, வெயில் நாளில் வருவதில்லை என்றால் ஒயர் அல்லது காயில் வெளிப்புறம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

வெட்டாமல் வெறுமனே சோம்பலாக இருப்பது வேறு விஷயம். இதை மிஸ்ஸிங்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் கிட்டத்தட்ட 14 சதவீதம் குறைகிறது. மேலே பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சி இருப்பதால் காற்றின் அடர்த்தியில் நாலு சதவீதம் திரும்பக் கிடைக்கும். நிகர நட்டம் பத்து சதவீதம். டர்போ இல்லாத 62 குதிரைத்திறன் இன்ஜின் மேலே 56 ஆகத்தான் இருக்கும். எந்த பிளக்கும் அந்த ஆறைத் திருப்பித் தராது. நிஜத்தில் அது தேவையும் இல்லை. ஆட்களோடு 1,300 கிலோ எடையை 1,200 மீட்டர் தூக்க, நாற்பது நிமிடத்தில் ஏறினால், சராசரியாக ஒன்பது குதிரைத்திறன்தான் செலவாகும். அப்புறம் ஏன் இழுக்கவில்லை? வளைவில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிட்டு இரண்டாவதிலேயே விட்டால், இந்த மாதிரிச் சின்ன வண்டியில் ஆர்பிஎம் 1,200க்கு அருகில் கிடக்கும். அந்த இடத்தில் இன்ஜினிடம் டார்க் (சுழற்றும் விசை) இல்லை. முதல் கியருக்கு இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவதில் 2,000க்குக் கீழே முழு மிதி மிதிப்பதைவிட இரண்டாவதில் 3,000 சுற்றுவது இன்ஜினுக்கும் பிளக்குக்கும் நல்லது.

எனவே காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஏற்றத்தில் மிதிக்கும்போது ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் அது கிளட்ச். இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்க வேண்டாம். அடுத்து ஏர் ஃபில்டர். சேலத்தில் வெள்ளைக்கல் குவாரிப் பக்கமும் பைபாஸிலும் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே அடைத்துவிடும். பிறகு ஈசியூ பதிந்து வைத்த பிழை எண்களைப் படிக்கும் ஒரு ஸ்கேனர். போனோடு இணைக்கும் சாதாரண ஒன்று போதும். பி0301 முதல் பி0304 வரை எந்தப் பிழை எண் வருகிறதோ அந்தக் கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். உங்கள் வண்டியில் ஒயரோடு கூடிய காயில் பேக் இருப்பதால் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும். வழக்கமாக 1, 4 ஒரு ஜோடி, 2, 3 ஒரு ஜோடி. ஒரே ஜோடி இரண்டும் சேர்ந்து மிஸ் ஆனால் காயிலைப் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் பிளக் அல்லது ஒயர். நாலும் கலந்து பி0300 வந்தால் பெட்ரோல் பிரஷர், காற்றுக் கசிவு என்று தேட வேண்டியிருக்கும்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை ஐடிலில் (மிதிக்காமல் நின்றபடி) ஓடவிட்டுப் பானட்டைத் திறந்து வைத்து, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் ஒயர்மேல் மெல்லிய பனி மாதிரி தண்ணீர் அடியுங்கள். கசியும் இடத்தில் நீலமாக இழை ஓடும், 'டிக் டிக்' சத்தம் கேட்கும், ஐடில் நடுங்கும். எதையும் கையால் தொடாதீர்கள். ஃபேன், பெல்ட் பக்கம் துப்பட்டா, சட்டைக் கை எதுவும் போகக் கூடாது. பகலில் ஒயரை மல்டிமீட்டரில் அளக்கலாம். பெரும்பாலான கார்பன் ஒயர்கள் மீட்டருக்கு 10 முதல் 20 கிலோ ஓம் காட்டும். நீளமான ஒயர் அதிகம் காட்டுவது இயல்பு. ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒப்பிடவே முடியாதபடி எகிறினால், அல்லது லேசாக வளைக்கும்போது எண் துள்ளினால், ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

பிளக்கைக் கழற்றுவதில்தான் நிறைய வண்டி கெடுகிறது. இன்ஜின் கை வைக்கிற அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அலுமினிய ஹெட்டில் கழற்றினால் மரை பெயர்ந்து வரும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டைப் பிடித்து லேசாகத் திருகி எடுங்கள், ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டுங்கள். பிளக் குழியில் கிடக்கும் மண்ணைக் காற்றடித்து வெளியேற்றியபின்தான் ஸ்பேனர் வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் போகும். குழியில் ஆயில் நின்றால் வால்வ் கவர் சீல் போயிருக்கிறது; அந்த ஆயில் பூட் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும், அதைச் சரிசெய்யாமல் புது ஒயர் போடுவது வீண்.

கழற்றிய பிளக் நிறைய பேசும். முனை வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஓட்டம் எல்லாம் குட்டைத் தூரம். ஈரமான கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. பளிச்சென்ற வெள்ளையில் கொப்புளம் என்றால் அதிகச் சூடு. வெளிப்பக்கப் பீங்கானில், இரும்பு தொடங்கும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் கம்ப்ரஷன் லீக் என்று சிலர் பயமுறுத்துவார்கள்; உயர் மின்னழுத்தம் காற்றில் உள்ள எண்ணெய்த் துகளை ஒட்டவைத்த கறை அது, கெடுதல் இல்லை. ஆனால் அதே பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போலக் கறுப்பாக ஓடினால் பொறி வெளியே தாவியதற்குச் சாட்சி. அந்தக் கோட்டின் ஜோடி பூட்டின் உட்பக்கத்திலும் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றி பூட்டை விட்டால், பழைய தடத்திலேயே மறுபடி தாவும்.

எந்த பிளக் வாங்குவது? வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே வாங்குங்கள். ஹீட் ரேஞ்சில், அதாவது பிளக் முனை எவ்வளவு சூடாக ஓடும் என்பதைக் காட்டும் எண்ணில், விளையாட வேண்டாம். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சியானது; என்ஜிகே 5க்கு டென்சோ 16, 6க்கு 20. பாஷில் தலைகீழ், எண் கூடினால் சூடானது. இது தெரியாமல் 'பெரிய நம்பர் நல்லது' என்று மாட்டி, கரி பிடித்து அவதிப்படுபவர்கள் அதிகம். இரிடியம் செம்பைவிட நன்றாக மின்சாரம் கடத்துகிறது என்பது கதை. அது கடினம், 2,400 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் முனையை 0.4, 0.6 மி.மீ. வரை மெல்லிசாகச் செய்ய முடிகிறது. மெல்லிய முனையில் கொஞ்சம் குறைந்த வோல்ட்டேஜில் பொறி தாவும், இடைவெளி நீண்ட நாள் மாறாமல் இருக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆவதும் ஐடிலும் சற்றுச் சீராவது சில வண்டிகளில் உண்மை, சிலவற்றில் தெரிவதே இல்லை. மைலேஜ் ஏறும் என்பதை நம்பி வாங்கும்படி நான் சொல்ல மாட்டேன். உங்கள் மாதிரி ஒரு காயில் இரண்டு பிளக் அமைப்பில் இன்னொரு சிக்கல்: ஜோடியில் ஒரு பிளக்கில் மின்சாரம் எதிர்த்திசையில் ஓடுவதால் அதில் வளைந்த தரை முனைதான் அதிகம் தேயும். நடு முனையில் மட்டும் இரிடியம் வைத்த பிளக் அங்கே முழு ஆயுளைத் தராது. இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் உள்ளதாக வாங்க வேண்டும், அல்லது சாதா பிளக்கை 20, 25 ஆயிரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே போகலாம். உங்கள் ஓட்டத்துக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். எதுவானாலும் உள்ளே மின்தடை வைத்த ரெசிஸ்டர் பிளக்காக இருக்க வேண்டும். மீட்டரில் சுமார் 5 கிலோ ஓம் காட்டும். போலி நிறைய ஓடுகிறது. பூஜ்யம் காட்டுகிறது, அச்சு மங்கலாக இருக்கிறது, வாஷர் தானாகக் கழன்று விழுகிறது என்றால் திருப்பிக் கொடுங்கள்.

மாட்டுமுன் இடைவெளியைக் கம்பி கேஜில் பாருங்கள். பெட்டியில் 'செட் செய்தது' என்று இருந்தாலும் வழியில் தட்டுப்பட்டிருக்கும். இரிடியம் முனையை நெம்பினால் உடையும், தரை முனையை மட்டும் வளைக்க வேண்டும். முதல் சில சுற்றுகள் கையாலேயே ஏற்றுங்கள். தடுத்தால் ஸ்பேனரால் சண்டை போடாமல் எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு, கையேடு வேறு சொல்லாவிட்டால், 25 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உட்கார்ந்தபின் அரைச் சுற்றுக்குச் சற்று மேல். மரையில் கிரீஸ் தடவாதீர்கள், அதே திருப்பில் அதிகமாக இறுகிவிடும். பூட்டின் வாயில் மட்டும் சிலிக்கான் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போடலாம். ஏற்காட்டுப் பனிக்கு அது நல்ல காப்பு.

இதெல்லாம் முடிவதற்குள் மிஸ்ஸிங்கோடு மலை ஏறாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரியும். அதன் உள்கட்டு உருகி அடைத்துக்கொண்டால் அப்போது நிஜமாகவே வண்டி இழுக்காது, செலவும் பிளக் செலவு மாதிரி இருக்காது. செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் மிதியைக் குறைத்து ஓரம் கட்டுவதுதான் சரி.

பிளக்கும் கம்பெனி ஒயரும் மாற்றினால் உங்கள் திணறல் போய்விட வாய்ப்பு அதிகம். 18 ஆயிரத்தில் சிறு பங்கில் வேலை முடியும். போகாவிட்டால் காயில்களை இடம் மாற்றிப் பார்க்க உங்கள் அமைப்பில் வழி இல்லாததால், தெரிந்த வண்டியின் காயில் பேக்கை ஒரு நாள் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதிலும் மாறவில்லை என்றால் ஏற்றத்தில் பெட்ரோல் பிரஷர் விழுகிறதா என்று கேஜ் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் போங்கள். போகும்போது கழற்றிய நாலு பிளக்கையும் எண் எழுதி, துடைக்காமல், ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். அவர் அவற்றை வாங்கி வெளிச்சத்தில் பார்க்காமலேயே பாகங்களின் விலையைச் சொல்லத் தொடங்கினால், வேறு பட்டறைக்குப் போகலாம்.